எலி மூளையில அழற்சி தேட முதல்: இந்தத் துறைக்குப் புதுசா வாற நம்மட புள்ளைகளுக்கு

போன மாசம் செங்கலடிச் சந்தியில பஸ்ஸுக்கு நிக்கக்குள்ள வந்தாறுமூலை கம்பஸ்ல படிக்கிற தங்கச்சி ஒருத்தி கிட்ட வந்து, "அக்கா, எனக்கு மூளை அழற்சி பத்தி ப்ரொஜெக்ட் செய்ய விருப்பம், எலிக்கு என்னத்த ஊசி போடணும்?" எண்டு கேட்டா. நல்ல கெட்டிக்காரப் புள்ள. ஆனா அவ கேட்டது கடைசியில கேக்கவேண்டிய கேள்வி. ஊசி போடுற நாளுக்கு முதல் செஞ்சு முடிக்கிறதுக்கு ஆறு மாச வேலை இரிக்கு, அந்த ஆறு மாசத்தயும் தாண்டிக் குதிச்சு ஊசியில தொடங்கினவங்க எத்தினையோ எலிய வீணாக்கிப் போட்டு கையில ஒண்டும் இல்லாம நிண்டத நான் பார்த்திருக்கன், நானும் அப்பிடி நிண்டிருக்கன். பஸ் வந்துட்டு, அவவுக்குப் பாதிதான் சொல்லக் கிடைச்சுது. மிச்சத்தையும் சேத்து இதுல எழுதுறன், சம்மாந்துறைப் பக்கம் படிக்கிற புள்ளைகளுக்கும் உதவும்.

1. மூளைக்குள்ள ஆரு ஆரு இரிக்காங்க எண்டு முதல்ல தெரிஞ்சுக்கங்க

ஏ எல் பயோல நரம்புக்கலத்தத்தான் விளக்கமாப் படிச்சிருப்பீங்க, மத்தக் கலமெல்லாம் ரெண்டு வரியில முடிஞ்சிருக்கும். மனிச மூளையில ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக்கலம், வெள்ளை எலிக்கு 20 கோடி, சுண்டெலிக்கு 7 கோடி. இந்த எண் எப்பிடி வந்தது எண்டா, பிரேசில்ல சுசானா ஹெர்குலானோ-ஹூசல்ட குழு மூளையக் கரைச்சு ஆணம் மாதிரி ஆக்கி, அதுக்குள்ள மிதக்கிற கருக்கள எண்ணி எடுத்தது. அவங்கட கணக்குப்படி மனிச மூளையில நரம்புக்கலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவுதான் மத்தக் கலங்களும்.

அந்த மத்தக் கலங்கள்ல மூணு பேர நீங்க பேர் சொல்லிக் கூப்பிடுற அளவுக்குப் பழகிக்கணும். அஸ்ட்ரோசைட், நட்சத்திர வடிவம், நரம்புக்கலத்துக்குச் சாப்பாடு குடுத்து சுத்துப்புறத்தத் துப்பரவா வெச்சிருக்கும். ஒலிகோடென்ட்ரோசைட், நரம்பு வயருக்கு மயலின் உறை சுத்துறது. மூணாவது மைக்ரோக்ளியா, நாம கதைக்கப் போறது முக்கியமா இவரப் பத்தித்தான். 1919-ல ஸ்பெயின்காரர் பியோ டெல் ரியோ-ஓர்டேகா வெள்ளிச் சாயம் பூசி இந்தக் கலத்த வேறயாப் பிரிச்சுக் காட்டினார். சுண்டெலி மூளையில பகுதிக்குப் பகுதி நூறு கலத்துக்கு 5 தொடக்கம் 12 வரைக்கும் மைக்ரோக்ளியாதான்.

இதுல ஒரு விசயம் எனக்கு இண்டைக்கும் புல்லரிக்கும். நரம்புக்கலம், அஸ்ட்ரோசைட், ஒலிகோ எல்லாம் மூளை ஆகப்போற திசுவுல இருந்துதான் பிறக்குது, மைக்ரோக்ளியா மட்டும் வெளியூர் ஆள். 2010-ல சுண்டெலியில காட்டினாங்க, முளையத்துக்கு வெளிய இரிக்கிற மஞ்சக்கருப் பையில பிறந்து, ரெத்த ஓட்டம் தொடங்கக்குள்ள அதோட சேந்து வந்து, ஒம்பது பத்து நாள் வயசுல மூளைக்குள்ள குடியேறுறாங்க எண்டு. சுண்டெலிட கர்ப்பமே 19, 20 நாள்தான். அப்ப மூளைப் பட்டையில நரம்புக்கலம் பிறக்கத் தொடங்கவே இல்ல, வீடு கட்ட முதலே வந்து வளவுக்குள்ள குந்தியிரிக்காங்க.

மறுகா என்ன செய்றாங்க எண்டா, நோய்க்கிருமி பிடிக்கிற வேலை மட்டும் இல்ல. வளரக்குள்ள செத்துப் போற கலத்தத் தின்னுறது, தேவைக்கு மிஞ்சின நரம்பு இணைப்ப வெட்டிக் கழிக்கிறது, இதெல்லாம் அவங்கட அண்டாட வேலை. 2011-ல இத்தாலியில செஞ்ச ஆய்வுல, மைக்ரோக்ளியாவும் நரம்புக்கலமும் கதைச்சுக்கிற ஒரு வழிய அடைச்ச குட்டிகள்ல இணைப்பு கழிபடாம அளவுக்கு மிஞ்சி நிண்டத கண்டாங்க. 2005-ல உயிரோட இரிக்கிற சுண்டெலிட மண்டையோட்ட மெல்லிசாச் சீவி அதுக்கூடாகப் பாத்தப்ப, "சும்மா இரிக்கிற மைக்ரோக்ளியா" எண்டு அதுவரைக்கும் எழுதி வந்தது பிழை எண்டு தெரிஞ்சுது. கலம் இடத்த விட்டு அசையா, ஆனா கையெல்லாம் நீட்டி மடக்கி நீட்டி மடக்கித் தன்ட வளவ ஓயாமத் தடவிக்கொண்டே இரிக்கு. ஒரு மைக்ரோக்ளியாட வளவுக்குள்ள இன்னொண்டு லேசில கை வெக்காது.

அழற்சி எண்டா இப்ப என்ன எண்டு யோசிச்சுப் பாருங்க. கட்டுமான வேலையில இரிக்கிற ஆளக் கூப்பிட்டுத் தீயணைக்க அனுப்புற மாதிரி. எந்த நாள்ல கூப்பிட்டீங்களோ அந்த நாள்ல நடந்துகொண்டிருந்த வேலைதான் பாதிக்கும், அதால ஒரே ஊசிய அஞ்சு நாள் தள்ளிப் போட்டா வேற மாதிரி முடிவு வரும். வளந்த மிருகத்துல பாக்கிற அழற்சியும் வளர்ற மூளையில பாக்கிற அழற்சியும் ரெண்டு கதை எண்டு சொல்றது இதாலதான்.

2. ஒரு முட்டையத் திறந்து பாருங்க

எலியத் தொட முதல் கோழி முட்டை. கடையில வாங்குற வெள்ளை முட்டை சரிவராது, அந்தப் பண்ணையில சேவலே இரிக்காது, முட்டையில கருவும் இரிக்காது. சேவலோட திரியிற நாட்டுக்கோழிட முட்டைதான் வேணும், நம்மட ஊர்ல அதுக்கா பஞ்சம். இன்குபேட்டர்ல 37.5 தொடக்கம் 38 பாகை, அடியில ஒரு தட்டுல தண்ணி, முட்டையப் படுக்கையாக் கிடத்தி மேல் பக்கத்துல பென்சிலால ஒரு புள்ளடி போடுங்க.

லேப்ல பெரியாக்கள்ட சொல்லிப்போட்டுச் செய்யுங்க, கையக் கழுவுங்க. மூணு நாள் முடிய, கூரான பக்கத்துல சின்ன ஓட்டை போட்டு சிரிஞ்சால ரெண்டு மூணு மில்லிலீட்டர் வெள்ளைக்கரு இழுத்து எடுத்தா உள்ள இரிக்கிறது ஒள்ளுப்பம் கீழ இறங்கும், அதுக்குப் பிறகு புள்ளடி போட்ட இடத்துல டேப் ஒட்டி, சின்னக் கத்தரிக்கோலால ஒரு ரூபாக் குத்தியளவு யன்னல் வெட்டுங்க. வெட்டின உடன காணலாம், மஞ்சக்கருவுக்கு மேல வட்டமா சிவப்பு நூல் வலை, நடுவுல ஒரு குண்டூசித் தலை அளவு சிவப்பு டக் டக் எண்டு துடிச்சுக்கொண்டிரிக்கும், அதுதான் இதயம். அதுக்குப் பக்கத்துல வளைஞ்சு கிடக்கிறது தலை, லென்ஸுக்குக் கீழ வெச்சா முன்மூளை, நடுமூளை, பின்மூளை மூணு குமிழாத் தெரியும், கண்ணுக்கான கிண்ணமும் தெரியும். அந்தச் சிவப்பு வலை ஓடுற இடம்தான் மஞ்சக்கருப் பை. மேல சொன்னனே, மைக்ரோக்ளியாட மூதாதை பிறக்கிற இடம் எண்டு, அது இதுதான். ஆய்வுப் பேப்பர்ல பத்துத்தரம் வாசிச்சாலும் விளங்காதது இத ஒருக்காக் கண்டா விளங்கும். நான் முதல் தரம் கண்டப்ப கொஞ்ச நேரம் கதைக்கவே ஏலாமப் போச்சு.

1951-ல ஹாம்பர்கர், ஹாமில்டன் எண்டு ரெண்டு பேர் கோழி முளையத்த 46 கட்டமாப் பிரிச்சு வெச்சாங்க, உங்கட முட்டை எந்தக் கட்டம் எண்டு படத்தோட ஒப்பிட்டு எழுதிப் பழகுங்க. அஞ்சாம் நாளைக்கு மேல வளர விடாதீங்க, பாத்து முடிய ஃப்ரீசருக்குள்ள வெச்சிருங்க. நாள் கூடக்கூட அது நோவு உணரக்கூடிய உயிரா மாறுது, முட்டைக்கும் எதிக்ஸ் கமிட்டியிட கேட்டுத்தான் செய்யணும் எண்டு உங்கட இடத்துல விதி இரிந்தா அதையும் கேளுங்க.

லேப்ல சாமான் இல்ல எண்டு மனசு விடுற புள்ளைகளுக்கு ரீட்டா லெவி-மொன்டால்சினிய நினைவுபடுத்துறன். ரெண்டாம் உலக யுத்தத்துல யூதர் எண்டு வேலையால நிப்பாட்டப்பட்டு, இத்தாலியில தன்ட படுக்கை அறையில மேசை போட்டு, கோழி முட்டைய வெச்சுக்கொண்டு நரம்பு வளர்ச்சியப் படிச்ச மனிசி. பிறகு நரம்பு வளர்ச்சிக் காரணியக் கண்டுபிடிச்சு 1986-ல நோபல் எடுத்தா. யுத்தத்துக்குள்ள படிச்ச நம்மட ஆக்களுக்கு இது வேற ஆருட கதையும் மாதிரித் தோணாது.

3. ஆட்டு மூளையில கை பழக்குங்க

ஏறாவூர், காத்தான்குடி எண்டு எந்த இறைச்சிக் கடையில சொல்லி வெச்சாலும் காலையில ஆட்டு மூளை கிடைக்கும், உடையாம முழுசா எடுத்துத் தாங்க எண்டு முதல் நாளே சொல்லுங்க. பச்சையா இரிக்கக்குள்ள நுங்கு மாதிரி, கத்தி வெச்சா நசுங்கும். 10 சதவீத ஃபோமலின்ல, மூளைட பருமனப் போல பத்து மடங்கு ஊத்தி, ரெண்டு கிழமை விட்டீங்க எண்டா அவிச்ச முட்டை வெள்ளை மாதிரி இறுகி வரும், அப்ப துண்டு துண்டா வெட்டலாம். வெட்டின முகத்துல சாம்பல் நிறப் பட்டையும் வெள்ளை நிற உள்பகுதியும் கோடு கிழிச்ச மாதிரிப் பிரிஞ்சு தெரியும். ஹிப்போகாம்பஸ் எங்க, சிறுமூளை எங்க, ரெண்டு அரைக்கோளத்தயும் இணைக்கிற கோர்பஸ் கலோசம் எங்க எண்டு வரைஞ்சு பழகுங்க. ஃபோமலின் புற்றுநோய் உண்டாக்கிற சாமான், வீட்டுல வேணாம், லேப்ல கையுறை போட்டு காத்து இழுக்கிற பெட்டிக்குள்ள மட்டும்தான்.

4. பேப்பர் வாசிக்கிற முறை

பப்மெட் எண்ட, மருத்துவ ஆய்வுப் பேப்பர் தேடுற இணையத்தளத்துல சும்மா தேடலாம், இலவசமாத் திறக்கிற பேப்பர் நிறைய இரிக்கு. திறக்காட்டி எழுதினவருக்கு ரெண்டு வரி மெயில் போடுங்க, அரவாசிப் பேருக்கு மேல அனுப்புவாங்க, என்ட அனுபவம் அப்பிடித்தான்.

ஆனா சுருக்கத்த வாசிச்சுப் போட்டு முடிவுக்குக் கிறுகாதீங்க. செய்முறைப் பகுதிக்குப் போய் ஒரு கொப்பியில இத எழுதுங்க: என்ன மிருகம், என்ன வயசு, ஆணா பெண்ணா, என்ன குடுத்தாங்க, எவ்வளவு, குடுத்து எத்தினை மணித்தியாலத்துக்குப் பிறகு மூளைய எடுத்தாங்க, மூளையில எந்தப் பகுதி, எத்தினை தாய். கடைசியில சொன்ன "எத்தினை தாய்" எண்டது ஏன் எண்டு கீழ சொல்றன்.

எலிக்கு அழற்சி வரக் குடுக்கிற சாமான்ல நீங்க அடிக்கடி காணப்போறது ரெண்டு. எல்பிஎஸ் எண்டது ஈ.கோலை மாதிரி பக்டீரியாட வெளித்தோல்ல இரிக்கிற கொழுப்பும் சீனியும் சேந்த துண்டு. உயிருள்ள கிருமி இல்ல, அதால தொற்றுப் பரவா, ஆனா உடம்பு கிருமி வந்துட்டு எண்டு நினைச்சு எழும்பும். அத உணர்ற கதவு டிஎல்ஆர்4, 1998-ல புரூஸ் பொய்ட்லர்ட குழு கண்டுபிடிச்சது, அவருக்கு அதுக்கு 2011-ல நோபலும் கிடைச்சுது. மத்தது பொலி ஐசி, வைரஸ்ட ஆர்என்ஏ மாதிரிச் செயற்கையாச் செஞ்சது, அதுக்குக் கதவு டிஎல்ஆர்3. கர்ப்பமான தாய்க்கு இதக் குடுத்தா தாய்ட ரெத்தத்துல ஐஎல்-6 எண்ட தூதுப்பொருள் ஏறும். 2007-ல கலிபோர்னியாவுல போல் பற்றர்சன்ட லேப்ல, அந்த ஐஎல்-6-அ மட்டும் தாய்ச் சுண்டெலிக்குக் குடுத்தாலே குட்டிகள்ட நடத்தை மாறுது, அதத் தடுத்தா அந்த மாற்றமும் தடைபடுது எண்டு காட்டினாங்க. இந்தத் துறைக்கு அது ஒரு தூண்.

எம்1 எண்டா கெட்ட மைக்ரோக்ளியா, எம்2 எண்டா நல்ல மைக்ரோக்ளியா எண்டு எழுதின பழைய பேப்பர் நிறைய வரும். அந்தப் பேர நீங்க பாவிக்காதீங்க. 2022-ல இந்தத் துறையில இரிக்கிற நிறையப் பேர் சேந்து எழுதி, அப்பிடி ரெண்டாப் பிரிக்கிறது சரியில்ல, கைவிடுங்க எண்டு கேட்டிருக்காங்க.

5. அனுமதி, மிருகம், கச்சான்

எதிக்ஸ் கமிட்டிட கடிதம் கையில வராம ஒரு எலியையும் தொடாதீங்க. 1959-ல ரசல், பேர்ச் எண்ட ரெண்டு பேர் சொன்ன மூணு கேள்விக்கு விண்ணப்பத்துல உண்மையா விடை எழுதணும்: மிருகம் இல்லாமச் செய்ய ஏலாதா, எண்ணிக்கையக் குறைக்க ஏலாதா, நோவக் குறைக்க ஏலாதா. இதக் கமிட்டிக்காக எழுதாம உங்களுக்காக எழுதுங்க. கலம் வளர்த்தே விடை காணக்கூடிய கேள்வி எண்டா எலி வேணாம். அறைவ் எண்டு ஒரு பட்டியல் இரிக்கு, 2010-ல வந்தது, 2020-ல திருத்தினது, மிருக ஆய்வு எழுதக்குள்ள என்னென்ன சொல்லணும் எண்டு அதுல இரிக்கு, அத முடிவுல பாக்காமத் திட்டம் போடக்குள்ளயே பக்கத்துல வெச்சிருங்க.

வெள்ளை எலி நம்மட நாட்டுல கூடுதலா கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்துதான் எடுக்கிற. அங்க இருந்து மட்டக்களப்புக்கு வாற பாதையே அதுக்கு ஒரு அதிர்ச்சி. வந்த உடன ஒண்டும் செய்யாதீங்க, ஒரு கிழமையாவது இடம் பழக விடுங்க. கர்ப்பமான எலிய ஏத்திக்கொண்டு வாறதும் புத்தி இல்ல, தாய்ட பதற்றமே குட்டிட மூளைய மாத்தும், மறுகா நீங்க ஊசியால வந்தது எண்டு நினைச்சது லொறியால வந்ததா இரிக்கும். இங்க கொண்டு வந்து பழக்கி, இங்கயே சோடி சேருங்க.

எலி அறை 20 தொடக்கம் 26 பாகை இரிக்கணும். மே மாசம் தொடங்கி கச்சான் காத்து அடிக்கக்குள்ள நம்மட ஊர் எப்பிடி எரியும் எண்டு தெரியும்தானே, அந்த மூணு மாசம் ஏசி ஒரு மத்தியானம் நிண்டாலும் எலி தாங்கா. எல்பிஎஸ் குடுத்த எலிக்குக் காய்ச்சல் ஏறுதா உடம்பு குளிருதா எண்டதும் அறை வெப்பத்தப் பொறுத்து மாறும், அதால வெப்பமானி வெச்சு காலையும் பின்னேரமும் எழுதுங்க. ஏலுமெண்டா கச்சானுக்கு முதல் ஒரு தொகுதியும் கச்சானுக்குள்ள ஒரு தொகுதியுமா செய்யாதீங்க.

6. தாய எண்ணுங்க, குட்டிய எண்ணாதீங்க

இந்தக் கட்டுரையில ஒண்டத்தான் நினைவுல வெப்பீங்க எண்டா இத வையுங்க.

நான் முதல் செஞ்ச வேலையில நாலு தாய் எலி. ரெண்டுக்கு எல்பிஎஸ், ரெண்டுக்கு வெறும் சேலைன். குட்டி எல்லாமா 38. எக்ஸெல்ல 38 வரி போட்டு, அந்தப் பக்கம் 19 இந்தப் பக்கம் 19 எண்டு கணக்குப் பார்த்து, வித்தியாசம் நல்லா வந்துட்டு எண்டு ராவு நித்திரை இல்லாமச் சந்தோசப்பட்டன். திருத்திப் பாத்த சேர் ஒரு கேள்விதான் கேட்டார், "புள்ள, ஊசி எத்தினை பேருக்குப் போட்ட?" நாலு தாய்க்கு. "அப்ப உன்னட இரிக்கிறது நாலு, 38 இல்ல."

விளங்குறதுக்கு இப்பிடிப் பாருங்க. ஒரு தாய்ட வயித்துல கிடந்த பத்துக் குட்டிக்கும் ஒரே ரெத்தம், ஒரே பால், ஒரே கூடு. அந்தத் தாய் இயல்பாவே குட்டிய நக்கிக் கவனிக்காத தாய் எண்டா பத்துக் குட்டிட மூளையும் அதால மாறும், அது எல்பிஎஸ்ஸால இல்ல. ஒரு வீட்டுப் புள்ளைகள் பத்துப் பேர மட்டும் அளந்துபோட்டு, "வாகரைப் புள்ளைகள் உயரம்" எண்டு சொல்ல ஏலுமா? ஏலாது. அதே பிழைதான். எந்த உயிருக்கு ஊசி போட்டீங்களோ அதுதான் உங்கட எண்ணிக்கை. ஒரு தாயிட இருந்து ஒரு ஆண், ஒரு பெண் எடுத்து ரெண்டையும் வேற வேறயாக் கணக்குப் பாக்கலாம், இல்லாட்டி தாய் எண்டதச் சேத்துக் கணிக்கிற புள்ளிவிபர முறையப் பாவிக்கலாம், எதையும் தொடங்க முதல் புள்ளிவிபரம் தெரிஞ்ச ஒருத்தரோட குந்திக் கதைக்கணும். எந்தத் தாய்க்கு எல்பிஎஸ், எந்தத் தாய்க்கு சேலைன் எண்டத சீட்டுக் குலுக்கிப் போடுங்க, கூட்டுல முதல் கைக்கு வந்தத எடுத்துப் போடாதீங்க, முதல் கைக்கு வாறது சாதுவான எலி.

அந்த 38 குட்டியும் ஒரு முடிவையும் தராமத்தான் போச்சுது. அந்தக் கவலை எனக்கு இன்னும் தீரல்ல, அதாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றன்.

ஊசி போட்ட தாய விட்டுப்போட்டு வீட்ட போகாதீங்க. மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, கண் பாதி மூடி, தண்ணிப் போத்தலுக்குக் கிட்டயும் வராம இரிந்தா அது கஷ்டப்படுது. எந்த அளவுக்கு மேல போனா நிப்பாட்டுறது எண்டு ஊசிக்கு முதலே எழுதி வெச்சிருக்கணும். எல்பிஎஸ் போத்தல்ல இரிக்கிற தொகுதி இலக்கத்தயும் கொப்பியில எழுதுங்க, தொகுதிக்குத் தொகுதி வீரியம் மாறும்.

7. வெட்டுறது, சாயம் போடுறது, முக்கியமா பாக்கிறது

இதயத்துக்கூடாக மருந்து ஓட்டி மூளைய இறுக வெக்கிறத, அதாவது ஃபிக்ஸ் பண்ணுறத, எழுத்துல படிக்க ஏலாது, தெரிஞ்சவர் பக்கத்துல நிண்டு மூணு நாலு தரம் பாத்துத்தான் கையில எடுக்கணும். எலி முழுசா மயங்கினதா எண்டு காலக் கிள்ளிப் பாக்காமத் தொடங்கவே கூடாது. எடுத்த மூளைய ஒரு ராவு 4 சதவீத பராஃபோமல்டிஹைட்ல வெச்சு, மறுகா 30 சதவீத சீனிக் கரைசல்ல போடுங்க. முதல்ல மிதக்கும், ரெண்டு மூணு நாள்ல தாண்டு அடியில போய்க் குந்தும். தாண்டாத மூளைய உறைய வெச்சா உள்ளுக்குள்ள ஐஸ் துண்டு வந்து திசு சல்லடையாகும், அவசரப்படாதீங்க. உறைஞ்ச திசுவச் சீவுற மெசின், கிரையோஸ்டட், அதுல 30, 40 மைக்ரோன் தடிப்பத்துல சீவலாம். கிரையோஸ்டட் இல்லாட்டி மெழுகுல பதிச்சு 5 மைக்ரோன், அதுக்கு ஹிஸ்டொலொஜி லேப் போதும்.

எந்தக் கலம் எண்டு காட்ட, அந்தக் கலத்துல இரிக்கிற புரதத்துல போய் ஒட்டுற எதிருடல் போடுறம், ஒட்டின இடத்துல கபில நிறம் வரும். மைக்ரோக்ளியாவுக்கு ஐபா1 புரதம், அஸ்ட்ரோசைட்டுக்கு ஜிஎஃப்ஏபி, நரம்புக்கலத்துக்கு நியூஎன். முதல் எதிருடல் 4 பாகையில ஒரு ராவு கிடக்கணும், கரண்ட் போற நாளெண்டா ஃபிரிட்ஜுக்குள்ள ஐஸ் பொதி வெச்சுக்கங்க. ஒவ்வொரு தரமும் ஒரு துண்டுக்கு மட்டும் அந்த முதலாவது எதிருடலப் போடாம மத்ததெல்லாம் போடுங்க. அதுலயும் கபிலம் வந்தா உங்கட சாயம் பொய் சொல்லுது.

இனி பாக்கிற வேலை. வளந்த எலிட மூளைப் பட்டையில ஆரோக்கியமான மைக்ரோக்ளியா எப்பிடி இரிக்கும் எண்டா, உடல் சின்னன், அதுல இருந்து முருங்கைக் கிளை மாதிரி மெல்லிசாக் கை பிரிஞ்சு பிரிஞ்சு போகும், ஒண்டுக்கொண்டு இடைவெளி அளந்து நட்ட மாதிரி. அழற்சியில உடல் வீங்கும், கை தடிச்சுக் குறுகும், சிலது கிட்டக் கிட்டக் கூடும்.

அஞ்சு நாள் குட்டிட கோர்பஸ் கலோசத்த நான் முதல் முதல் பாத்தப்ப, கையே இல்லாத உருண்டைக் கலம் கூட்டம் கூட்டமா நிண்டுது. கடும் அழற்சி எண்டு கொப்பியில எழுதியும் போட்டன். அடுத்த ஸ்லைட் சேலைன் குட்டிட, அதுலயும் அதே உருண்டை, அதே கூட்டம். அந்த வயசுக்கு அதுதான் சாதாரணம். பிறந்த முதல் கிழமையில வெள்ளைப் பகுதிக்குள்ள மைக்ரோக்ளியா உருண்டையாத்தான் நிறைஞ்சு நிக்கும், ரியோ-ஓர்டேகாவே அந்தக் கூட்டத்தப் பாத்து ஊற்று எண்டு பேர் வெச்சவர். ரெண்டு மூணு கிழமை போகத்தான் கை விரிக்கும். அதால எல்பிஎஸ் ஸ்லைட்டத் தொட முதல் ஒண்டும் குடுக்காத குட்டிகள நாலஞ்சு வேற வேற வயசுல வெட்டின ஸ்லைட் மட்டும் ஒரு மாசம் பாருங்க, வரையுங்க. புதுசா வெட்டத் தேவையில்ல, பழைய ஆய்வுகள்ட மிச்ச ஸ்லைட் எந்த லேப்லயும் பெட்டி பெட்டியா இரிக்கும். சாதாரணம் கண்ணுக்குப் பழகினாத்தான் மாறினது கண்ணுல குத்தும்.

8. எண்ணுறது

ஃபிஜி எண்டு படத்துல கலத்த எண்ணி அளக்கிற இலவச மென்பொருள் இரிக்கு, அதுவே காணும். ஸ்லைட்டுக்குப் பேர மறைச்சு இலக்கம் போடுற வேலைய வேற ஒருத்தரிட்டக் குடுங்க, எது எல்பிஎஸ் எது சேலைன் எண்டு தெரிஞ்சு எண்ணினா கை தானாகவே நீங்க விரும்புற பக்கம் சாயும், நேர்மையான ஆளுக்கும் அப்பிடித்தான். எல்லாப் படத்துக்கும் ஒரே வெளிச்சம், ஒரே அளவுகோல். மூலப் படத்த அழிக்காதீங்க. ஐபா1 கூடினது எண்ட ஒண்ட மட்டும் வெச்சு "அழற்சி" எண்டு எழுதாதீங்க, ஐஎல்-1பீட்டா, டிஎன்எஃப் மாதிரித் தூதுப்பொருளும் அளந்து ரெண்டும் ஒரே பக்கம் காட்டினா எழுதுங்க.

மாரிக்கு மைக்ரோஸ்கோப் லென்ஸ்ல பூஞ்சணம் பிடிக்கும். வாவிக்கரை ஊர், ஈரம் குறையாது. லென்ஸக் கழட்டி சிலிக்கா ஜெல்லோட இறுக்கமான டப்பாவுல வையுங்க, ஜெல் நிறம் மாறினா ஓவன்ல காய வெச்சுத் திருப்பிப் போடுங்க.

9. வெளிய சொல்லக்குள்ள

நீங்க இந்த வேலை செய்றீங்க எண்டு தெரிஞ்சா ஊர்ல ஆக்கள் கேப்பாங்க. களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு அக்கா, ஏழு மாசம், டெங்குக் காய்ச்சல் வந்து சுகமாகி ஆஸ்பத்திரியால வந்தவ, "நீங்கள் எலியில பாக்கிற அது என்ட புள்ளைக்கும் வருமா மனே?" எண்டு என்ட கையப் புடிச்சுக் கேட்டா. அதுக்கு எலி ஸ்லைட்ட வெச்சு விடை சொல்ல எனக்கு உரிமை இல்ல. எலிக்கு நாம குறிச்ச நாள்ல குறிச்ச அளவு ஊசி போடுறம், மனிசப் புள்ள அப்பிடி வளர்றதில்ல. எலிக்குட்டி பிறந்து ஏழு பத்து நாள்ல இரிக்கிற மூளைதான் மனிசக் குழந்தை மாசம் நிறைஞ்சு பிறக்கக்குள்ள இரிக்கிற மூளைக்குக் கிட்ட வருது, நாளும் பொருந்தா, அளவும் பொருந்தா. காய்ச்சல் வந்த தாய்மார்ட புள்ளைகள்ல மிகப் பெரும்பாலானவங்க சுகமாத்தான் வளர்றாங்க. அதத்தான் அவவுக்குச் சொன்னன், கிளினிக்க விடாமப் போங்க, காய்ச்சல் எண்டா வீட்டுல பொறுத்துக்கொண்டு இரிக்காமக் காட்டுங்க எண்டும் சொன்னன். உங்கள்ட்டயும் கேப்பாங்க. பயப்படுத்துற மாதிரி ஒரு சொல்லும் வாயால வரக்கூடாது.

10. கொப்பி

தடிச்ச மட்டைக் கொப்பி, பக்கத்துக்கு இலக்கம், திகதி, அறை வெப்பம், எலி நிறை, என்ன செஞ்சீங்க, எது பிழைச்சுது, எல்லாம் அண்டண்டைக்கே. பக்கத்தக் கிழிக்காதீங்க, பிழையெண்டா ஒரு கோடு போட்டு வெட்டிப்போட்டுப் பக்கத்துல எழுதுங்க. ஸ்லைட்டுட தேய்ச்ச ஓரத்துல பேரும் இலக்கமும் பென்சிலால மட்டும் எழுதுங்க, பேனை மை எதனோல்லயும் சைலீன்லயும் கழுவுப்பட்டுப் போகும், மறுகா எது எந்தத் தாய்ட குட்டி எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது.